மத்திய ஆப்பிரிக்க மரச்சிலைகளைக் கையாளும்போது நடக்கும் தவறுகள்

தூசி, வெயில், கறையான் பற்றி எல்லாருக்கும் தெரியும். மத்திய ஆப்பிரிக்க மரச்சிலைகளை முதன்முறை கையில் எடுப்பவர்கள் விடாமல் செய்யும் மற்ற தவறுகளைப் பார்ப்போம்.

சுத்தம் செய்வது

இந்தத் தவறுதான் எனக்கு அதிக எரிச்சல் தருகிறது. கொங்கோ இன மக்களின் என்கிசி என்னும் சக்திச் சிலையில் சிற்பி தருவது உருவம் மட்டுமே. பிறகு சடங்கு வல்லுநரான என்கங்கா அதன் வயிற்றிலோ தலையிலோ உள்ள குழியில் வெள்ளைக் களிமண், கல்லறை மண், விதை, வேர் என்று மருந்துப் பொருட்களை வைத்துப் பிசினால் மூடுவார். மேலே கண்ணாடியோ சிப்பியோ பதிப்பார். அதுவரை அது வெறும் கட்டை. என்கிசியில் ஆணி அடிக்கும் வகையான என்கோண்டியில் அடித்த ஒவ்வொரு ஆணியும் ஒரு சத்தியம், ஒரு வழக்கு, ஓர் உடன்படிக்கை. சம்பந்தப்பட்டவர் இரும்பை நாக்கால் தொட்டுத் தருவதுண்டு. முடியோ துணியோ கட்டுவதும் உண்டு. 'அழுக்குத் துணி' என்று பிய்த்து எறிவது அந்த ஆளின் அடையாளத்தைத்தான்.

ஈரத்துணி பட்டால் களிமண் கரையும். ஸ்பிரிட் பட்டால் பிசின் இளகும், கண்ணாடி கழன்று விழும், உள்ளிருப்பது கொட்டும். ஆளிவிதை எண்ணெய் பூசினால் களிமண்ணின் நிறம் மங்கும், தூசி நிரந்தரமாக ஒட்டும். வெற்று மரத்தில் மட்டும் மென்தூரிகையால் தட்டுங்கள். படிவு உள்ள இடத்தைத் தொடவே வேண்டாம். ஆணி விழுந்தால் திரும்ப அடிக்காதீர்கள். விழுந்த இடத்தைப் படம் எடுத்து, ஆணியைத் தனிப் பையில் போட்டுச் சீட்டு எழுதி வையுங்கள்.

காலியான குழியையும் நிரப்பக் கூடாது. மங்காகா என்னும் பெரிய என்கோண்டி சிலைகளில் பதினைந்தை 2015-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஒன்றாக வைத்துக் காட்டியது. இவ்வகைச் சிலைகள் சில, ஐரோப்பியர் கைக்குப் போகுமுன் மருந்து எடுக்கப்பட்டவை. அந்த வெற்றிடமும் சான்றுதான்.

ஆணியைப் பில்லி சூனியம் என்பது

யாருடைய உடலையும் குத்துவதாக நினைத்து அடித்தவை அல்ல. வாக்கு மீறியவரை வேட்டையாட என்கோண்டியை உசுப்பிவிட அடித்தவை.

காவலைச் சாமி என்பது

காபோன், தென் கேமரூன் பகுதி ஃபாங் மக்களின் பியேரி சிலை, முன்னோர் மண்டையோடுகள் வைத்த மரப்பட்டைப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கும். புனிதம் மண்டையோட்டுக்கு, சிலை காவலுக்கு. சேகரிப்பவர்கள் பெரும்பாலும் காவலை மட்டும் தூக்கி வந்தார்கள். பின்பக்கம் நீளும் முளையைப் பிற்காலத்து ஒட்டு என்று வெட்டிவிடாதீர்கள், பெட்டியில் செருகியது அதைத்தான். சில சிலைகளில் கசியும் எண்ணெயையும் விட்டுவிடுங்கள்.

வயதை ஊகித்து எழுதுவது

எழுதாதீர்கள்.

வெறுங்கையால் தூக்குவது

கொங்கோ நாட்டுச் சோங்யே மக்களின் ஊர்ப்பொதுச் சிலைகளை அவர்களே கையால் தொடாமல் கழிகள் கட்டித்தான் நகர்த்தினார்கள். இன்றைய காரணம் வேறு: பழைய சேகரிப்புகளில் பூச்சிக்காக ஆர்செனிக் தடவியிருக்கலாம். கையுறை போட்டு, ஒரு கை அடியிலும் ஒரு கை முதுகிலும் கொடுத்துத் தூக்குங்கள். நீட்டிய கையைப் பிடித்துத் தூக்கினால் தோளில் முறியும்.