டிராம் டிப்போவைப் பார்ப்பது எப்படி? கரியாஹாட் வாசலிலிருந்து

கொல்கத்தாவுக்கு வருகிறவர்கள் டிராமில் ஏறி நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். தென் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் வளர்ந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: டிராம் புரிய வேண்டுமென்றால் டிப்போ வாசலில் அரைமணி நேரம் நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னை ராஷ்பிஹாரி அவென்யூ வழியே கரியாஹாட் டிப்போவுக்கு நடத்திக் கூட்டிப்போவார்.

காலையில் போங்கள். வாசலில் இருப்பவரிடம் "தாதா, எக்டு தேக்போ?" என்று கேளுங்கள். "அண்ணா, கொஞ்சம் பார்த்துக்கிறேன்" என்று அர்த்தம். அனுமதி கிடைக்காவிட்டால் வெளியிலிருந்தே நிறையத் தெரியும்.

முதலில் தரையைப் பாருங்கள். தெருவிலிருந்து நுழையும் தண்டவாளம் விசிறி மாதிரி பல லைன்களாகப் பிரியும். பிரிகிற இடத்தில் நாக்கு போல ஓர் இரும்பு இருக்கும், அதுதான் பாயின்ட். ஒருவர் நீளமான கம்பியை இடுக்கில் விட்டு நெம்ப, நாக்கு 'டக்'கென்று மறுபக்கம் சாயும். அங்கே மட்டும் காலை வைக்காதீர்கள். பஸ் என்றால் பக்கத்து வண்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும். டிராமில் முன்னால் நிற்பது கிளம்பாவிட்டால் பின்னால் இருப்பதும் கிளம்பாது. அதனால் காலையில் எது முதலில் போக வேண்டுமோ அதற்கேற்ற வரிசையில் இரவே நிறுத்தியாக வேண்டும். டிப்போ வேலையில் பாதி இந்தக் கணக்குதான் என்பது என் எண்ணம்.

அப்புறம் தலையை நிமிர்த்துங்கள். ஒவ்வொரு லைனுக்கும் மேலே ஒரு கம்பி. அதில் 550 வோல்ட் நேர்மின்சாரம் (டி.சி.). வண்டியின் கூரையில் சாய்ந்து நிற்கும் டிராலிக் கம்பு அதை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். மின்சாரம் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிப் போகும். டிரைவர் வேகத்துக்கான கைப்பிடியை ஒவ்வொரு நாட்சாக, அதாவது படிப்படியாகத்தான் திருப்புவார். தொடக்கத்தில் மோட்டார்கள் தொடர் இணைப்பில் வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்ளும். வேகம் பிடித்த பிறகு, ஒவ்வொன்றுக்கும் கூடுதல் வோல்ட் கிடைக்கும் பக்க இணைப்புக்கு மாறும். வண்டி குலுங்காமல் கிளம்புகிறதா என்று கவனியுங்கள். டிரைவரின் கை அதில் தெரிந்துவிடும்.

ஒரு மழை நாள் சாயங்காலம் எங்கள் வண்டியின் கம்பு கழன்றுகொண்டது. விளக்கு அணைந்து, ஃபேன் ஓய்ந்து, பெட்டிக்குள் மழைச் சத்தம் மட்டும். கண்டக்டர் இறங்கிப் பின்பக்கம் போய்க் கயிற்றை இழுத்து, அண்ணாந்து பார்த்தபடி இருட்டில் கம்பியைத் துழாவினார். பச்சையாக ஒரு பொறி. ஃபேன் மறுபடி சுற்றியது. எனக்கு அப்போது எட்டு வயது. மின்சாரம் என்றால் இன்றும் அந்தப் பச்சைதான் நினைவுக்கு வருகிறது.

கூரைக்கு அடியில் சில லைன்களில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே தரையே இருக்காது. அது குழி. ஆள் உள்ளே நின்று பிரேக் கட்டை, பல்சக்கரம், மோட்டார் எல்லாவற்றையும் கீழிருந்து பார்ப்பார். பெரிய பழுது என்றால் வண்டி நோனாபுக்கூர் பட்டறைக்குப் போகும்.

இந்த நகரத்தில் டிராம் முதலில் ஓடியது 1873-இல், குதிரை இழுத்து. சில மாதங்களிலேயே நின்றுபோனது. 1880-இல் மறுபடி தொடங்கி வளர்ந்தபோது ஆயிரம் குதிரைகள் வரை இருந்தன. வண்டியோடு லாயமும் தீவனமும் பராமரித்த காலம் அது. மின்சார டிராம் 1902-இல் வந்தது. நம் சென்னை 1895-லேயே முந்திக்கொண்டது, 1953-இல் விட்டும்விட்டது. அப்பாவுக்கு அந்த வருத்தம் கடைசிவரை இருந்தது.

2024-இல் மாநில அரசு, எஸ்பிளனேட் - மைதானம் பகுதி தவிர மற்றதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதனால் கிளம்பும் முன் எந்த வண்டி ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். டிப்போவிலேயே அதற்கு இன்னொரு வழியும் உண்டு. குனிந்து தண்டவாளத்தின் மேல்முகத்தைப் பாருங்கள். சக்கரம் தினமும் உருளும் லைன் வெள்ளி போலப் பளபளக்கும். நின்றுபோனது ஒரே மழையில் செம்பழுப்பாகிவிடும். பளபளக்கும் லைன்களை எண்ணிக்கொண்டு வாருங்கள்.