கேட் சுவரில் பதினெட்டு போர்டு

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. கேட்டைத் தாண்டியதும் சுவர் முழுக்கப் பாதுகாப்பு போர்டுகள். எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு. ஆடிட் வருகிறது என்றதும் செட்டாக வாங்கி மாட்டியவை. உள்ளே கட்டிங் மேசையில் துணி வெட்டும் பேண்ட் நைஃப் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கம்பிக் கையுறை போடச் சொல்லி அங்கே ஒன்றுகூட இல்லை.

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. போர்டு வாங்கும் முன் ஒரு நோட்டோடு தளத்தைச் சுற்றி வர வேண்டும். எங்கே கை வெட்டும், எங்கே கால் வழுக்கும், எங்கே சூடு படும் என்று குறித்த பிறகுதான் கடை. சரி செய்ய முடிந்ததற்கு போர்டு மாட்டுவதும் தவறுதான். எண்ணெய் ஒழுகினால் ஒழுகலை அடைத்துவிடுங்கள்; ‘வழுக்கும், ஜாக்கிரதை’ என்று எழுதி வைப்பது சோம்பேறித்தனம்.

அடுத்தது நிறம். சுவருக்குப் பொருத்தமாக நிறம் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன்! பாதுகாப்புக் குறிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 7010-படி நிறமும் வடிவமும்தான் பேச்சு. நீல வட்டம் என்றால் செய்தே ஆக வேண்டும். சிவப்பு வளையமும் குறுக்குக் கோடும் என்றால் கூடாது. மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை, பச்சை தப்பிக்கும் வழியும் முதலுதவியும், சிவப்புச் சதுரம் தீயணைப்புக் கருவி. ‘ஹெல்மெட் அணியவும்’ என்று எழுதி, படத்தைச் சிவப்பு வளையத்துக்குள் கோடு போட்டு அச்சடித்தால், எழுத்து தெரியாதவருக்கு அது ஹெல்மெட்டுக்குத் தடை.

எழுத்து தெரிந்தாலும் எந்த எழுத்து? தையல் லைனில் பாதிப் பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். தமிழும் ஆங்கிலமும் மட்டும் இருந்தால் அவர்களுக்கு அது வெறும் கோலம். தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் அறிவிப்பு இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே 108ஆம் பிரிவில் சொன்னது.

மலிவான ஃப்ளெக்ஸை வெயிலில் மாட்டினால் பெரும்பாலும் சிவப்புதான் முதலில் வெளுக்கும். டீசல் டேங்க் அருகே அப்படி ஒன்றைப் பார்த்தேன். வளையமும் கோடும் போய், புகையும் சிகரெட் மட்டும் கறுப்பாக மிச்சம். புகைக்க இடம் ஒதுக்கியது போலவே இருந்தது.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. வெளியேறும் வழி போர்டின் மீது விளக்கு வெளிச்சம் விழுகிறது என்றால், அதன் உயரத்தைப் போல 100 மடங்கு தூரம்வரை தெரியும். 10 செ.மீ. போர்டு 10 மீட்டருக்குத்தான். நீண்ட ஹாலுக்குப் போதாது. அதைக் கதவிலேயே ஒட்டாதீர்கள், கதவைத் திறந்தால் போர்டும் திரும்பிவிடும். நிலைக்கு மேலே மாட்டுங்கள். இருட்டில் ஒளிரும் வகைக்கு முதலில் வெளிச்சம் பட வேண்டும். விளக்கே போடாத குடோனில் அது ஒளிராது.

அப்புறம், மெஷின் லைனை மாற்றினால் அம்புக்குறியையும் மாற்றுங்கள். நான் போன இடத்தில் பச்சை அம்பு நேராகப் பார்சல் ரூமைக் காட்டியது. கதவில் பூட்டு தொங்கியது.