வீங்கிய இமைகளும் எங்கள் ஆமையும்: என் அனுபவம்

வெயிலில் ஆமை கண்மூடிக் கிடப்பது இயல்புதான். ஆனால் உணவை முன்னே வைத்தபோதும் எங்கள் ஆமை கண் திறக்காமல், வீங்கிய இமையோரத்தில் மஞ்சள் பீளை காய்ந்து ஒட்டியிருந்ததைக் கண்டதும் கவலை பிடித்துக்கொண்டது. கால்நடை மருத்துவர் முதலில் மூக்கில் சளி ஒழுகுகிறதா என்று பார்த்தார். ஒழுகினால் சுவாச நோயாகவும் இருக்கலாமாம். சளி இல்லை, கீழிமைக்குள் மரத்தூள் சிக்கியிருந்தது. அதை அகற்றி, ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். நாள்தோறும் தாடை மூழ்காத ஆழத்தில் வெதுவெதுப்பான நீரில் ஆமையை உட்காரவைத்து, பீளை ஊறியதும் சலைனில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடைத்த பிறகே சொட்டு விட்டேன். வைட்டமின் ஏ குறைந்தாலும் இமை வீங்குமே, ஊசி போடலாமா என்று கேட்டேன். அளவு மீறினால் தோலே உரிந்துவிடும், கரும்பச்சை இலைகளே போதும் என்றார். மரத்தூளுக்குப் பதில் தூசி பறக்காத ஈரமண்ணைப் பரப்பினேன். வீக்கம் வடிந்த பின்னும், அவர் சொன்ன நாள்வரை சொட்டு மருந்தை நிறுத்தவில்லை.