திட்டம் எழுதும் முன் பெற்றோரிடம் என்ன கேட்பது?

மாற்றுத்திறன் மாணவருக்கான தனிநபர் கல்வித் திட்டத்தை (ஒரு மாணவருக்கென்றே கற்றல் இலக்குகளையும் தேவையான உதவிகளையும் வகுக்கும் ஆவணத்தை) முதன்முறையாக எழுதும் ஆசிரியர்களுக்கானது இந்த விளக்கம். ஐக்கிய நாடுகள் அவை 2006ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆவது பிரிவு, மாணவரின் ஆளுமையும் திறமையும் படைப்பாற்றலும் முழு அளவில் வளர்வதைக் கல்வியின் நோக்கங்களில் ஒன்றாக வைக்கிறது. அந்தத் திறமைகளை நாள்தோறும் பார்ப்பவர்கள் பெற்றோர்.

முதல் படியாக, திட்டக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே அவர்களுடன் தனியாகப் பேசுங்கள். "உங்கள் மகளின் பலங்கள் என்ன?" என்று நேராகக் கேட்டால், ஆண்டுக்கணக்கில் குறைகளை மட்டுமே கேட்டுப் பழகிய தாயோ தந்தையோ திகைத்துப்போகக்கூடும், அந்த மௌனத்தை அக்கறையின்மை என்று எண்ணிவிடக் கூடாது. நடப்பதைக் கேளுங்கள். நேரம் போவதே தெரியாமல் எதில் ஈடுபடுகிறாள்? யாரும் சொல்லாமலே எந்த வேலையைச் செய்கிறாள்? கோபம் வந்தால் எது அவளை அமைதிப்படுத்துகிறது? பதில்களை அவர்களுடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "துணிகளை நிறம் பார்த்து அடுக்குவாள்" என்ற வரியிலிருந்து ஒரு பாடத்தை உருவாக்கலாம். "காட்சிவழிக் கற்றல் திறன் உண்டு" என்பதிலிருந்து அது கடினம். மாணவியிடமும், பேச்சாலோ படங்களாலோ, இவற்றைக் கேட்க வேண்டும்.

அடுத்து, கிடைத்தவற்றை ஒரே பக்கத்தில் தொகுங்கள்: பிறர் அவளிடம் விரும்புவது, அவளுக்கு முக்கியமானது, அவளுக்கு உதவும் முறை. கூட்டம் இந்தப் பக்கத்தோடு தொடங்கட்டும். மதிப்பீட்டு அறிக்கை பிறகு வரலாம்.

மூன்றாவது படியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பலங்களைத் தொடக்கத்தில் பாராட்டாக எழுதிவிட்டு, இலக்குகளைக் குறைகளிலிருந்தே அமைத்துவிடுகிறார்கள். இலக்கை எட்டும் வழியாகப் பலம் அமைய வேண்டும். மேற்சொன்ன மாணவிக்கு, "நிறவாரியாகப் பிரித்த எண்ணும் வில்லைகளைப் பத்து வரை, ஐந்து முயற்சிகளில் நான்கில் சரியாக எண்ணுவாள்" என்று எழுதலாம். அது கைவந்தபின் ஒரே நிறப் பொருள்களையும் எண்ணச் செய்து, திறன் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலம் இருப்பதைக் காரணம் காட்டி, அவளுக்குத் தேவையான சிகிச்சை நேரத்தையோ துணையாளரையோ குறைக்க ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். பெற்றோர் பெரிதும் அஞ்சுவது இதற்குத்தான், அந்த அச்சம் நியாயமானது.

வீட்டுக்கு ஒரே ஒரு செயலைக் கொடுங்கள், அதுவும் அவர்கள் ஏற்கெனவே செய்துவரும் வேலையோடு சேர்ந்ததாக இருக்கட்டும்: துணி அடுக்கும்போது எண்ணுவது போல. ஆறு வாரம் கழித்து மீண்டும் பேசுங்கள். வீட்டில் எண்ணுபவள் வகுப்பில் எண்ணவில்லையென்றால், மாற்ற வேண்டியது வகுப்பின் சூழலா கற்பிக்கும் முறையா என்பதைப் பெற்றோருடன் அமர்ந்து முடிவுசெய்து, அந்த இலக்கின் வரியை அவர்கள் முன்னிலையிலேயே திருத்தி எழுதுங்கள்.