மலிவு பைனாகுலர் வாங்கலாம், 180 மடங்கு மட்டும் வேண்டாம்

சில வருஷங்களுக்கு முன்னால் இணையத்தில் முப்பது வெள்ளிக்கு ஒரு பைனாகுலர் வாங்கினேன். மேலே பொன்னிறத்தில் 180×100 என்று எழுதியிருந்தது. நூற்று எண்பது மடங்கு! பெருமையோடு சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், சேற்றில் இரை பொறுக்கிய உள்ளான் கூட்டத்தைப் பார்த்தால், பழுப்பாக ஏதோ ஆடியது. வெறுங்கண்ணே தேவலாம் என்று இறக்கி வைத்தேன். பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர் ஒன்றும் பேசாமல் தன் பழைய 8×42-ஐ நீட்டினார். அதில் பறவையின் அலகு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பது வரை தெரிந்தது.

அன்றைக்கு என் தவறு மலிவாக வாங்கியது என்றுதான் நினைத்தேன். அது இல்லை. மலிவான பொருளிடம் பெரிய வேலையை எதிர்பார்த்ததுதான் தவறு.

அந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்று அங்கேயே பிடிபட்டுவிடும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 100 என்று போட்டிருந்தால் கண்ணாடி பத்து சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். பள்ளிக்கூட அளவுகோலை வைத்து அளந்தேன். பாதி கூட இல்லை. அளந்து பார்க்க முடிகிற அந்த 100-ஏ பொய் என்றால், 180 என்னவாக இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எண் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் தடிமன் கிடைக்கும். 8×42-ல் 5.25 மில்லிமீட்டர். சட்டைப்பையில் போடும் 10×25-ல் 2.5. உச்சி வெயிலில் நம் கண்மணி இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும் என்பதால், சதுப்பு நிலத்தில் நண்பகலில் குட்டி பைனாகுலரே போதும். ஆனால் காலை ஏழரைக்கு மெக்ரிட்சி காட்டுக்குள், மரக்கூரைக்குக் கீழே, கண்மணி அகலமாகத் திறந்திருக்கும். அங்கே அந்த 2.5 பத்தாது; பறவை கரிக்கோடு போலத் தெரியும். 180×100-க்கு இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் அரை மில்லிமீட்டர் சொச்சம். இருட்டுதான்.

இன்னொன்று, பைனாகுலர் பறவையை மட்டும் பெரிதாக்குவதில்லை, கை நடுக்கத்தையும் அதே அளவுக்குப் பெரிதாக்குகிறது. பத்து மடங்குக்கு மேல் போனால் முக்காலி வேண்டும். மடங்கு கூடக் கூடப் பொதுவாகப் பார்க்கும் பரப்பும் சுருங்கும். கிளைக்குக் கிளை தாவும் தேன்சிட்டை அந்தப் பரப்புக்குள் கொண்டுவருவதற்குள் அது புளோக் தாண்டிப் போயிருக்கும்.

தேசிய சேவை முடித்து வந்த அக்கா மகன் ஒருநாள் கேட்டான்: "மாமா, துப்பாக்கி ஸ்கோப் ஒண்ணு மலிவா கெடைக்குது, பறவை பாக்க வாங்கவா?" நான் திருப்பிக் கேட்டேன்: "எஸ்ஏஆர் 21-ல ஒனக்கு எத்தன மடங்கு குடுத்தாங்க?" யோசித்தான். "ஒன்றரை." எஸ்ஏஆர் 21 இங்குள்ள ராணுவத் துப்பாக்கி; அதிலேயே பொருத்தி வரும் அந்த ஸ்கோப் வெறும் 1.5 மடங்குதான். சீக்கிரம் குறி பிடிக்க அது போதும் என்று அதை வடிவமைத்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். பறவை பார்க்கத் துப்பாக்கி ஸ்கோப் சரிப்படாது. பின்னுதைப்பில் கண்ணில் இடிக்காமல் இருக்க, கண்ணைச் சில விரற்கடை தள்ளி வைத்துப் பார்க்கும்படி செய்தது அது. ஒற்றைக் கண், நடுவில் குறிக்கோடு, குறுகிய காட்சி. தவிர, இங்கே துப்பாக்கி சம்பந்தப்பட்ட எதையும் வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் முன் காவல்துறையின் உரிம விதிகளைப் பார்ப்பது நல்லது. அவன் விட்டுவிட்டான்.

மடங்கைக் கூட்டிக் குறைக்கும் ஜூம் பைனாகுலரும் வேண்டாம். நகரும் உறுப்புகள் அதிகம், இரண்டு பக்கமும் ஒன்றுபோல நகர வேண்டும், மலிவு விலையில் அது நடக்காது.

சிவப்பாக மினுங்கும் கண்ணாடியைப் பார்த்து மயங்குவது அடுத்த தவறு. 'ரூபி கோட்டிங்' என்பார்கள். அந்தப் பூச்சு சிவப்பு ஒளியை வெளியே திருப்பிவிடுகிறது, அதனால்தான் நமக்குச் சிவப்பாகத் தெரிகிறது. உள்ளே வரும் காட்சியில் சிவப்பு குறைந்து பச்சை தட்டும். பலர் நம் தேசியப் பறவையாகவே கருதும் செந்தேன்சிட்டை அதில் பார்ப்பதும் ஒன்று, பார்க்காமல் இருப்பதும் ஒன்று. நல்ல பூச்சு மங்கலான பச்சையாகவோ ஊதாவாகவோதான் பிரதிபலிக்கும். பெட்டியில் 'ஃபுல்லி மல்ட்டி கோட்டட்', அதாவது எல்லாக் கண்ணாடியிலும் பல அடுக்குப் பூச்சு, என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் 'கோட்டட்' என்றால் ஏதோ ஒரு கண்ணாடியில் ஒரு பூச்சு என்று எடுத்துக்கொள்ளலாம்.

பழைய மோஸ்தர் என்று முழங்கை மடங்கிய வடிவத்தை, அதாவது போரோ வகையை, ஒதுக்குகிறவர்கள் உண்டு. கையில் காசு குறைவென்றால் நான் அதைத்தான் சொல்வேன். நேர்க்குழாய் போன்ற ரூஃப் வகையை நன்றாகச் செய்ய நுணுக்கமும் தனிப் பூச்சும் வேண்டும். அதே விலையில் போரோ தெளிவாக இருக்கும். மழைக்குத் தாங்குவது பெரும்பாலும் ரூஃப்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊர் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.

கடைக்குள்ளேயே பார்த்து வாங்காதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து தூரத்து அடுக்குமாடியின் விளிம்பைப் பாருங்கள், சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே வேண்டாம், கண் போய்விடும். உருவம் இரண்டாகப் பிரிந்தாலோ, இரண்டு நிமிடத்தில் நெற்றி வலித்தாலோ, இரண்டு குழாயும் ஒரே திசையில் இல்லை என்று அர்த்தம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றாமலே பார்க்க வேண்டும். கண்ணுக்கும் பைனாகுலருக்கும் உள்ள இடைவெளி, ஐ ரிலீஃப், 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் காட்சியின் ஓரமெல்லாம் வெட்டுப்படும். கிட்டப்பார்வை இத்தனை பேருக்கு இருக்கும் ஊரில் இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு, ஏனோ.

இங்குள்ள கடையில் வாங்கினால், 2012 முதல் இருக்கும் 'லெமன்' சட்டம் துணைக்கு வரும்: ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே இருந்த குறை என்று எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. தனியாளிடம் வாங்கும் பழைய பொருளுக்கு அது கிடையாது. அங்கே கைத்தொலைபேசி விளக்கை ஒரு பக்கம் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை போல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை.

அந்தப் பூஞ்சைதான் சிங்கப்பூரில் பைனாகுலரைக் கொல்வது. வருஷ சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஊரில், கூடவே வந்த உறையில் போட்டு அலமாரியில் வைத்தால் பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. ஈரத்தைக் குறைத்து வைக்கும் டிரை கேபினெட் இருந்தால் நல்லது. இல்லையா, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். அரிசிப் பானைக்குள் மட்டும் வைக்காதீர்கள், மாவுத்தூசி ஒட்டும். குளிர்சாதன எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கியதும் கண்ணாடி வேர்க்கும். டீசட்டையால் தேய்க்காமல் பத்து நிமிடம் விடுங்கள், தானே தெளியும்.

அக்கா மகன் கடைசியில் பழைய 8×40 போரோ ஒன்றை வாங்கிக்கொண்டான். என் 180 மடங்கையும் கேட்டு வாங்கிப் போயிருக்கிறான். எந்த பைனாகுலரையும் தலைகீழாகப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தைப் பொருளுக்கு மிக அருகில் கொண்டுபோனால் பூதக்கண்ணாடி ஆகிவிடும். இப்போது வீட்டில் எறும்பு பார்க்கிறான்.