மவுஸ் தாவுகிறதா? ரிசீவரைப் பாருங்கள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில்தான் கம்ப்யூட்டர். வயர்லெஸ் மவுஸ் திடீரென்று தாவும், அப்புறம் அப்படியே நின்றுவிடும். பேட்டரியை மாற்றியும் சரியாகவில்லை. கோளாறு ரிசீவர், அதாவது மவுஸின் சிக்னலை வாங்க கம்ப்யூட்டரின் யூஎஸ்பி போர்ட்டில் செருகும் குட்டித் துண்டு, இருந்த இடத்தில்! இந்த மவுஸ்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. யூஎஸ்பி 3.0 போர்ட்டில், அதாவது பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பதில், ஹார்டு டிஸ்க் ஓடும்போது அந்த அலைவரிசையிலேயே இரைச்சல் கிளம்பும். பக்கத்தில் ரிசீவர் இருந்தால் சிக்னல் தடுமாறும். அதைக் கழற்றி, யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி, மவுஸ் அருகே கொண்டுவந்தேன், தாவல் நின்றது.

இன்னொன்று. ஆத்தங்குடிக் கல் பதித்த மேஜை அழகுதான், ஆனால் அந்தப் பளபளப்பில் மவுஸின் சென்சார் குழம்பலாம். அடியில் பழைய நோட்டு அட்டை ஒன்று போதும். சென்சார் துளையில் முடி, தூசி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.