பேச்சுக் கருவியைப் பேச்சுத் தமிழுக்குப் பழக்குவது

பேச்சு வராத ஒருவருக்கு டேப்லெட்டில் பேசும் ஆப் ஏற்றிக் கொடுக்கிறார்கள். கொஞ்ச நாள் ஆசையாகத் தட்டுவார், பிறகு கருவி அலமாரிக்குப் போய்விடும். குறை அவரிடம் இல்லை. அவர் பேச நினைக்கும் சொற்கள் உள்ளே இல்லை, இருப்பவையும் யாரும் பேசாத தமிழில் இருக்கின்றன.

முதலில் குரலைச் சரிசெய்யுங்கள். செட்டிங்ஸில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' பகுதிக்குப் போய்த் தமிழ்க் குரலை இறக்கி வையுங்கள். பிறகு ஃப்ளைட் மோடில் போட்டு ஒரு வாக்கியம் பேச வைத்துப் பாருங்கள். அப்போது வாய் மூடிக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் அப்படித்தான் மூடும். சத்தமே வரவில்லை என்றால் ப்ளூடூத்தைப் பாருங்கள். பக்கத்து அறை ஸ்பீக்கரோடு இணைந்து அங்கே பேசிக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது நடை. 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று ஏற்றினால் செய்தி வாசிப்பது போல ஒலிக்கும். 'எனக்குத் தண்ணி வேணும்' என்றே ஏற்றுங்கள். நேரத்தை எண்ணாகப் போடாமல் 'ரெண்டு மணிக்கு' என்று எழுதுங்கள். பெயர்களில்தான் அதிகம் இடறும். தமிழில் ப ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்பதால் 'பாலு' என்ற பெயரைக் கருவி பால் என்பதன் ஒலியோடு தொடங்கிவிடும். க, ச, ட, த எழுத்துகளிலும் இதே சிக்கல். அப்படிப்பட்ட பெயர்களை அவர் வயதையொத்த ஒருவர் குரலில் பதிவு செய்து, திரையில் அந்தப் பெயருக்காகத் தட்டும் கட்டத்தில் வையுங்கள். முதலில் அவருடைய சொந்தப் பெயர்.

சொற்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முகப்புப் பக்கம் முழுக்கப் பொருள்களின் படங்களை நிரப்பிவிடுவார்கள். பொருள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கேட்கலாம். மறுக்கவோ, வாதாடவோ, ஏன் என்று விசாரிக்கவோ முடியாது. அன்றாடப் பேச்சில் சுமார் 80 சதவீதத்தைச் சில நூறு சொற்களே நிரப்புகின்றன, அவற்றில் பொருள் பெயர்கள் குறைவு. முகப்பில் இருக்க வேண்டியவை இவை: வேணும், வேண்டாம், இல்ல, இன்னும், போதும், என்ன, ஏன், யாரு, எப்போ, இங்க, அங்க, அது, குடு, பாரு, நிறுத்து. இவற்றோடு 'நான் சொல்ல வந்தது அது இல்ல' என்ற முழு வாக்கியமும் ஒரே தட்டலில் வர வேண்டும். கோபச் சொற்களையும் 'தொடாதீங்க' என்பதையும் ஒருபோதும் நீக்காதீர்கள். தனக்கு நடந்ததைச் சொல்ல அவருக்கு வேறு வழி கிடையாது.

வேறு மொழிக்குச் செய்த அட்டவணையை அப்படியே தமிழாக்கினால் 'நான்', 'வேணும்' இரண்டையும் தட்டி 'நான் வேணும்' என்று வரும். எனவே நான், எனக்கு, என்னை, என்னோட நான்கும் தனித்தனிக் கட்டங்களாக இருக்கட்டும். வினைச்சொல்லைத் தட்டினால் சிறு பக்கம் திறக்க வேண்டும். 'போ' என்றால் போறேன், போனேன், போகல, போகலாமா. மரியாதை வடிவமும் அதிலேயே வேண்டும். 'வா' மட்டும் இருந்து 'வாங்க' இல்லாவிட்டால், ஆசிரியரை ஒருமையில் கூப்பிடும் குழந்தை என்ற பெயர் அந்தப் பிள்ளைக்கு வந்துவிடும்.

ஒருமுறை வைத்த கட்டத்தை இடம் மாற்றாதீர்கள். நாம் பார்க்காமல் டைப் செய்வது போல அவர் விரலும் இடத்தை வைத்தே சொல்லை நினைவில் கொள்கிறது. தொடக்கத்தில் கட்டங்கள் அதிகமாகத் தெரிந்தால் சிலவற்றை மறைத்து வையுங்கள்; பெரிதாக்கிப் பிறகு சுருக்கினால் பழகியது எல்லாம் வீண்.

விரல் வழுக்கினால் துளையிட்ட பிளாஸ்டிக் தகட்டைத் திரைமேல் பொருத்தலாம். கை நடுங்கித் தவறாகப் பட்டால், அரை நொடி அழுத்தினால்தான் ஏற்கும்படி அமைக்கலாம். கண்ணால் இயக்கும் கருவி முகத்துக்கு நேராக, ஏறக்குறைய 60 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். வெயில் பட்டால் கேமரா கண்ணைத் தவறவிடும். ஒற்றை ஸ்விட்ச் வைத்திருப்பவருக்குக் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும், வேண்டியது ஒளிரும்போது அவர் ஸ்விட்சை அழுத்துவார். கட்டம் ஒளிர்ந்ததிலிருந்து அவர் அழுத்தும் வரை ஆகும் நேரத்தைப் பத்து முறை அளந்து, சராசரியை 0.65 ஆல் வகுங்கள். 0.8 நொடி என்றால் ஒவ்வொரு கட்டமும் சுமார் 1.2 நொடி ஒளிர வேண்டும். அதைவிட வேகமாக வைத்தால் அடுத்த கட்டம்தான் மாட்டும்.

கருவி எவ்வளவு நல்லதானாலும் ஒரு காகித அட்டை கூடவே இருக்க வேண்டும். குளியலறையிலும் சார்ஜ் தீர்ந்த நேரத்திலும் அதுதான் பேச்சு. இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது: 247 எழுத்தையும் வரைய வேண்டியதில்லை, உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 போதும்.

ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து 6 வரிசை, வரிசைக்கு 6 கட்டம் போடுங்கள். ஒரு கட்டம் சுமார் 4.5 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம் வரும். முதல் இரண்டு வரிசை உயிர், அடுத்த மூன்று மெய். கடைசி வரிசையில் ஃ, ஜ், ஸ், 'அடுத்த சொல்', 'தப்பு', 'முடிஞ்சது'. லேமினேட் செய்துவிடுங்கள்.

'வலிக்குது' என்று சொல்ல வ், அ, ல், இ, க், க், உ, த், உ என ஒன்பது தொடுதல். 'வலி' வந்ததுமே கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆனால் முந்திக்கொண்டு முடித்துவைப்பது அவருக்குப் பிடிக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அது உதவி, சிலருக்கு வாயைப் பொத்துவது போல. கையால் தொட முடியாதவரிடம் 'முதல் வரிசையா? ரெண்டாவதா?' என்று வரிசையைக் கேட்டு, பிறகு கட்டத்தைக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நொடி நிறுத்துங்கள். 'ஆமா'வுக்கு ஒரு சைகை, 'இல்ல'வுக்கு வேறொரு சைகை இருக்க வேண்டும். பதில் வராததை 'இல்ல' என்று எடுத்துக்கொண்டால், களைத்திருப்பவர் மறுத்ததாக ஆகிவிடும். இரண்டு சைகையையும் அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள், புதிதாக வரும் நர்ஸுக்கு உதவும்.

வாயால் பேசுபவர் நிமிடத்துக்கு 120 முதல் 180 சொற்கள் பேசுவார். கருவியில் பேசுவோரில் பெரும்பாலோர் 15-ஐத் தாண்டுவதில்லை. எனவே கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். திரையை எட்டிப் பார்த்துப் பாதி வாக்கியத்தை வாசிக்காதீர்கள். பழகும் காலத்தில் நீங்களும் பேசிக்கொண்டே அதே கட்டங்களைத் தட்டிக் காட்டுங்கள். எந்த மொழியையும் பிள்ளை கேட்டுத்தானே கற்கிறது, இந்த மொழியையும் யாராவது பேசிக் காட்ட வேண்டும்.

தொலைபேசியில் முதல் சில நொடி மௌனம் வந்தாலே எதிர்முனை வைத்துவிடும். அதற்காக ஒரு தட்டலில் வரும்படி இதை ஏற்றி வையுங்கள்: 'வணக்கம், நான் கருவி மூலமா பேசுறேன். பதில் வர கொஞ்ச நேரம் ஆகும், கட் பண்ணிடாதீங்க.' மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சொல்ல வேண்டியதை முந்தின இரவே டைப் செய்து சேமித்துக்கொள்ளலாம்.

புதுச் சொல் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் சொற்கோப்பை வேறொரு கருவியிலும் சேமியுங்கள். டேப்லெட்டை வாங்கிவிடலாம், இரண்டு வருடமாகச் சேர்த்த சொற்களை வாங்க முடியாது.